ஹாலில் நிறுத்தவிருந்த பைக்

சர்வீஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும், எண்ணிக்கையில் குறைவென்றாலும் துணிந்து சேர்ந்துவிட்ட தங்கைகளுக்கும் என் வணக்கம். கம்பெனி உங்களுக்குக் கொடுத்திருக்கும் பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்தேன். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த ஆயிலை எவ்வளவு ஊற்ற வேண்டும், வாடிக்கையாளரைப் பார்த்து எத்தனை பல் தெரியச் சிரிக்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. முதலாளியின் முகத்துக்கு நேராக நின்று "இந்த வண்டி போகக் கூடாது" என்று எப்படிச் சொல்வது என்பது மட்டும் இல்லை. அச்சகத்தில் அந்தப் பக்கம் விட்டுப்போயிருக்கலாம். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை கிடையாது என்பதால் அந்தப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.

நான் திருத்தணியில் ஒரு இருசக்கர வாகன ஷோரூமில் சர்வீஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் சம்பவம் நடந்தது ஓய்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பு. அதாவது, எந்த வம்பிலும் மாட்டாமல் மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு மனிதன் நினைக்கும் காலம்.

அப்போதுதான் அந்த பைக் வந்தது. நடுத்தர எடையுள்ள ஸ்போர்ட்ஸ் பைக். கம்பெனி எந்த நாட்டிலோ எந்தப் பந்தயத்திலோ ஜெயித்ததன் நினைவாகக் கொஞ்சம் வண்டிகளை மட்டும் தனியாகச் செய்து விட்டிருந்தார்கள். சாதாரண வண்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காதீர்கள். இன்ஜின் அதேதான், பிரேக் அதேதான். சக்கரத்துக்குத் தங்க நிறம் அடித்து, டேங்கின்மேல் ஒரு வரிசை எண் பொறித்த தகடு ஒட்டியிருந்தார்கள். அந்தத் தகடு ஒட்டியதும் மனிதர்களுக்கு வண்டியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. எங்கள் முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அருகில் போனார். இத்தனைக்கும் அதன் விளம்பரத்தில் கம்பெனி கொட்டை எழுத்தில் போட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இது தினசரி ஓட்டுவதற்கான வண்டி, முதுகை வில்லாக வளைக்க வேண்டியதில்லை, ஆபீசுக்கும் போகலாம், கடைக்கும் போகலாம்.

எனக்குத் தெரிந்து அந்த விளம்பரத்தை முழுசாகப் படித்தவர் ஒரே ஒருவர்தான். அதை முன்பதிவு செய்திருந்த ரேவதி. கனகம்மாசத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர். அவரே தன் சம்பளத்தில் வாங்கும் வண்டி. அதில் பள்ளிக்கூடம் போய்வர வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் வேறு திட்டம் இருந்தது. ரேவதியின் அப்பா விசைத்தறி வைத்திருப்பவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு வழக்கமாக வரும் வியாதி அவருக்கும் இருந்தது: மைத்துனர் பேச்சைக் கேட்பார். அந்த மைத்துனர், அதாவது ரேவதியின் தாய்மாமன், தானும் தறி ஓட்டுபவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்தால் அது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று பொருள். டெலிவரிக்கு முந்தின நாள் மூன்று பேரும் ஷோரூமுக்கு வந்திருந்தபோது அவர் தீர்ப்பு சொன்னார்.

"இது ஓட்டற வண்டி இல்ல மச்சான், வெச்சிருக்கற வண்டி. கவர் போட்டு ஹால்ல நிறுத்திடு. நாலு பேர் வந்து பாத்துட்டுப் போவாங்க. நாளாவ நாளாவ மதிப்பு ஏறும். பொம்பளப் புள்ளைக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடு, போதும்."

எங்கள் முதலாளி உடனே ஆமோதித்தார். ஓடாத வண்டி ரிப்பேருக்கு வராது, ரிப்பேருக்கு வராத வண்டி ஷோரூமைத் திட்டாது. அவருடைய கணக்கு அவருக்கு.

அப்பா மகளைப் பார்த்தார், மைத்துனரைப் பார்த்தார். பிறகு ஒரு சமரசம் செய்தார். "சரிம்மா, ஒண்ணு பண்ணு. மலை மேல பூஜை போட்டதும் அங்கிருந்து வீடு வரைக்கும் நீயே ஓட்டிகினு வா. பயப்படாம வந்துட்டா நீ தினமும் எடுத்துகினு போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பயந்துட்டா, தடுமாறிட்டா, மாமா சொல்றதுதான்."

"ஆங், சரி நைனா" என்றார் ரேவதி. மாமா சிரித்துக்கொண்டார். தேர்வைத் திருத்தப் போகிறவர் சிரித்தால் எழுதப் போகிறவர் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பூஜை. திருத்தணியில் புது வண்டி வாங்குகிறவர் மலைமேல் கொண்டுபோய்ப் பொட்டு வைத்து மாலை போடாமல் அதை வீட்டுக்கு எடுத்துப்போவது கிடையாது. உங்களில் பாதிப் பேர் இந்த ஊர்தான், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதலாளி அந்த பைக்கை மலைக்கு ஓட்டிப்போக விடவில்லை. டயரில் தூசி பட்டுவிடுமாம். ஒரு குட்டி லோடு வண்டியில் ஏற்றி, கயிறு கட்டி, மெத்தை வைத்துக் கொண்டுபோனார்கள். ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி, காய்கறி மூட்டை போல மலையேறியது. பின்னாலேயே முதலாளியின் முகம் அச்சடித்த ஃபிளெக்ஸ் பேனரும் போனது. பேனரில் பைக்கும் இருந்தது. ஓரத்தில், சின்னதாக.

பட்டறையில் அந்த வண்டியைத் தலைமுதல் கால்வரை நானே பார்த்திருந்தேன். பிரேக் கச்சிதமாக இருந்தது. மலைமேல் வண்டி நிறுத்துமிடத்தில் அதை இறக்கியதும் என் வேலை முடிந்தது என்று முதலாளி சொல்லிவிட்டார். காற்று அடித்ததால் பேனரின் ஒரு பக்கக் கம்பை என் கையில் கொடுத்தார். இத்தனை வருட அனுபவத்துக்கும் ஒரு உபயோகம் கிடைத்தது என்று பிடித்துக்கொண்டு நின்றேன். ஆகையால் பூஜையில் என்ன நடந்தது என்பதை நான் பேனருக்குப் பின்னாலிருந்து அரைகுறையாகத்தான் பார்த்தேன். மாமா முன் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பக்தியோடு ஏதோ தடவிக்கொண்டிருந்தார். பொட்டு வைக்கிறார் என்று நினைத்தேன். வைக்கத்தான் வைத்தார்.

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வண்டி கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் எல்லோரையும் அவசரப்படுத்தினார்கள். முதலாளி ஏற்பாடு செய்திருந்த வீடியோக்காரர் மலைப்பாதையின் முதல் வளைவுக்கு அருகில் போய் நின்றுகொண்டார். ரேவதி பைக்குக்குப் போட்ட மாலையைக் கழற்றி லோடு வண்டியில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்து இரண்டடி தள்ளினார். முன் பிரேக்கைப் பிடித்தார். மறுபடி தள்ளினார். மறுபடி பிடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, ஹெல்மெட் வாரைச் சரிபார்க்கக் கேட்பவர் போல என்னிடம் வந்தார்.

"சார், முன் பிரேக்கு புடிக்கல. லீவரு கெட்டியாத்தான் இருக்குது. சக்கரம் பாட்டுக்குப் போய்கினே இருக்குது."

"அப்ப சொல்லிடும்மா. எல்லாரும் இங்கதானே இருக்காங்க."

"நான் சொன்னா பயந்துட்டான்னுவாங்க சார். மாமா அதுக்குத்தான் காத்துகினு இருக்காரு. அத்தோட வண்டி ஹாலுக்குப் போயிடும். நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அது ரிப்பேரு."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே பிரேக், ஒரே கோளாறு. அவர் சொன்னால் பயம், நான் சொன்னால் ரிப்பேர். இது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத தொழில்நுட்ப உண்மை. எனக்குச் சுருக்கென்று இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி.

பேனர் கம்பை லோடு வண்டி டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போய் முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினேன். பிரேக் டிஸ்க் முழுக்க, இரண்டு பக்கமும், வட்ட வட்டமாகக் குங்குமம். அழகாகத்தான் இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். தறி எண்ணெய். விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த இந்த ஊர்க்காரன் எவனுக்கும் அந்த வாசனையை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. தறிக்குப் பூஜை போடுகிற வீட்டில் எண்ணெய் தடவித்தான் பொட்டு வைப்பார்கள், அப்போதுதான் குங்குமம் உதிராமல் ஒட்டும். அதே முறையை மாமா இங்கேயும் மனதாரச் செய்திருக்கிறார். தங்கச் சக்கரத்துக்கு நடுவில் பளபளவென்று ஒரு தட்டு இருப்பதைப் பார்த்தவர், இதுதான் மூலவர் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

எழுந்து நின்று சத்தமாகவே சொன்னேன். "முன் பிரேக் சரியில்ல. டிஸ்க்குல எண்ணெய் பட்டிருக்குது. வண்டி இப்ப இறங்கக் கூடாது."

முதலாளி என் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பார்ப்பவர்களுக்கு அது அன்பு போலத் தெரிந்திருக்கும்.

"என்னா சார் நீங்க? ராகு காலம் வரப்போவுது, வீடியோ ஓடிகினு இருக்குது, இப்பப் போய் பிரேக்குன்றீங்க. மெதுவா எறங்கட்டும். கீழ போய்ப் பாத்துக்கலாம்."

கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பெட்ரோலைப் பற்றிச் சொல்லலாம், சுத்தமாகத் துடைப்பதைப் பற்றிச் சொல்லலாம். மலைமேல் நின்றுகொண்டு பிரேக்கைப் பற்றிச் சொல்லக் கூடாது. பிரேக் இல்லாத வண்டி எப்படியும் கீழே போய்விடும், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

"ஏ.பி.எஸ். இருக்குதே!" என்று கடைசி ஆயுதத்தையும் எடுத்தார். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏ.பி.எஸ். இந்தச் சக்கரம் எதிலும் பூட்டிக்கொள்கிற உத்தேசத்திலேயே இல்லை என்று விளக்கினேன். என் ஓய்வு விழாவில் சால்வை கிடைக்காது என்பது அவர் பார்வையில் தெரிந்தது.

அதற்குள் அப்பா மைத்துனரிடம் கேட்டுவிட்டார். "பாவா, நீங்க எண்ணெய் போட்டீங்களா?"

"பின்ன போடாம? எண்ணெய் இல்லாம குங்குமம் எப்பிடி ஒட்டும்? சுத்தற சாமானுக்கு எண்ணெய் போட்டா நல்லதா கெட்டதா, நீயே சொல்லு மச்சான். என் தறியெல்லாம் எப்பிடி ஓடுது!"

"தறி மலை எறங்காது மாமா" என்றார் ரேவதி.

மாமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏம்மா, பயம்னா பயம்னு சொல்லேன். அதுக்கு ஏன் எண்ணெய் மேல பழி போடற? சூப்பர்வைசரு உனக்கு வக்காலத்தா? சாவியைக் குடு இப்பிடி. நான் ஓட்டிக் காட்டறேன், பிரேக்கு புடிக்குதா இல்லையான்னு."

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்கள் புத்தகத்தைக் கேட்டால், சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லும். நானும் யோசித்தேன். பிடுங்கினால் என்ன ஆகும்? முதலாளி என்னிடமிருந்து பிடுங்குவார். வாக்குவாதம் வளரும், ராகு காலம் நெருங்கும், கடைசியில் ரோஷத்துக்கு யாராவது ஒருவர் அந்த எண்ணெய்ப் பிரேக்கோடு மலை வளைவில் இறங்குவார். அது பெரும்பாலும் ரேவதியாக இருக்கும், ஏனென்றால் பயமில்லை என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அங்கே அவருக்கு மட்டும்தான் இருந்தது. மாமா ஓட்டினால் சமதளத்தில், நடக்கிற வேகத்தில் ஓட்ட வைக்கலாம். எண்ணெய் தனக்காகத் தானே சாட்சி சொல்லிக்கொள்ளும். இதில் கொஞ்சம் வஞ்சமும் கலந்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இதை நீங்கள் அப்படியே பின்பற்ற வேண்டாம். ஆனால் கோளாறைச் சொல்லி நிறுத்த முடியாத கூட்டத்தில், அது எங்கே வெளிப்பட்டால் குறைந்த சேதம் என்று பார்ப்பதும் ஒரு கணக்கு.

"ஓட்டுங்க" என்றேன். "ஆனா இங்கயே. ஹெல்மெட் போட்டுகினு, முதல் கியர்ல, அந்தக் கட்டைச் சுவர் வரைக்கும். நான் கூடவே நடந்து வரேன்."

லோடு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னேன். பூக்காரம்மாவைக் கூடையோடு நகரச் சொன்னேன். எல்லோரும் நகர்ந்தார்கள். டிரைவர் லோடு வண்டியை எடுப்பதற்காகச் சுவரில் சாய்த்துவிட்டுப் போன முதலாளியின் பேனர் மட்டும் நகரவில்லை. அது எனக்குத் தோன்றவும் இல்லை.

மாமா வேட்டியை மடித்துக்கட்டி ஏறி உட்கார்ந்தார். அவர் பல வருடமாக ஓட்டிவருவது கியர் இல்லாத ஸ்கூட்டர். அதில் இரண்டு கையிலும் பிரேக். இது அவர் கைகளுக்கு நினைவிருந்தது, எங்களில் யாருக்கும் நினைவில்லை. கிளட்ச்சை எப்படி மெதுவாக விடுவது என்று சொல்லி, கியரை ரேவதியே போட்டுக் கொடுத்தார். வண்டி அமைதியாகக் கிளம்பியது. மாமா பெருமையாக எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். சுவர் நெருங்கியதும் பழக்கப்படி இரண்டு கையையும் சேர்த்து இறுக்கினார். இடது கையில் இருந்தது கிளட்ச், அது இன்ஜினின் பிடியை விட்டுவிட்டது. வலது கையில் இருந்தது அவரே எண்ணெய் போட்ட பிரேக். வண்டி அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, வலது கால்! வலது கால்ல பிரேக்கு!" ரேவதி மைதானத்துக் குரலில் கத்திக்கொண்டே ஓடினார். அந்தக் குரலுக்கு ஒரு பள்ளிக்கூடமே நிற்கும். மாமா நிற்கவில்லை. முதலாளியின் முகத்தை வாய்ப்பக்கமாகக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி, வண்டியோடு மெதுவாக இடதுபுறம் சாய்ந்தார். ஓடிப்போய் நாங்கள் தூக்கியபோது அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். பேனரின்மேல் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் கேட்டார்.

ரேவதி இன்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்டிலைத் திருப்பி, முதுகை வண்டிக்குக் கொடுத்து, காலை ஊன்றித் தானே அதை நிமிர்த்தினார். சுவரின் கருங்கல் விளிம்பில் உரசியதில் டேங்கின்மேல் நீளமாக ஒரு கீறல். வரிசை எண் தகட்டின் குறுக்கே, ஓர் எண்கூடப் படிக்க முடியாதபடி போயிருந்தது. முதலாளி தன் பேனரைப் பார்ப்பதா டேங்கைப் பார்ப்பதா என்று தெரியாமல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா முன் சக்கரத்தின் அருகில் குனிந்து, டிஸ்க்கில் விரல் வைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். தறிக்காரர் அல்லவா, எண்ணெயின் வழவழப்பு அவருக்குத் தெரியும். பிறகு மலைப்பாதையின் முதல் வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது அவர் முகம் வெளுத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கிருந்த வஞ்சமெல்லாம் வடிந்துவிட்டது.

ஷோரூமிலிருந்து புது பிரேக் பேடு கொண்டுவரச் சொன்னேன். எண்ணெய் குடித்த பேடைத் துடைத்துப் போடக் கூடாது, அதை உங்கள் புத்தகமே சொல்லும். மெக்கானிக் வந்து டிஸ்க்கைச் சுத்தம் செய்து, பேடை மாற்றி முடிப்பதற்குள் ராகு காலம் தாராளமாக வந்து உட்கார்ந்துவிட்டது, அதைக் கண்டுகொள்ளத்தான் ஆள் இல்லை. முதலாளிக்கும் உயிர் வந்துவிட்டது.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. கம்பெனில பேசி அதே நம்பர் தகட்டோட புது டேங்க் வரவழைக்கறேன். அதுவரைக்கும் வண்டி ஷோரூம்லயே இருக்கட்டும். அப்புறம் புதுசு மாதிரி ஹால்ல நிறுத்திக்கலாம்."

"வேணாம் சார்" என்றார் ரேவதி. "டேங்க் நல்லாத்தான் இருக்குது. பெட்ரோல் ஒழுகல. இப்பிடியே இருக்கட்டும்."

"இப்பிடியே எப்பிடிம்மா ஹால்ல வெக்கறது?" என்று அப்பா இழுத்தார். "வரவன் போறவன் எல்லாம் இது எப்பிடி ஆச்சுன்னு கேப்பானே."

மாமா சட்டென்று எழுந்துகொண்டார். கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "ஹாலெல்லாம் வேணாம் மச்சான். வண்டின்னா ஓடணும். சும்மா நிறுத்தி வெச்சா துரு புடிச்சுடும். பொண்ணு தினமும் ஸ்கூலுக்கு எடுத்துகினு போவட்டும். காலைலயே கிளம்பிடட்டும்." இவ்வளவு சீக்கிரம் கருத்து மாறிய மனிதரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

கிளம்பும்போதும் அந்தக் குடும்பத்தார் பிரேக் கோளாறைக் கண்டுபிடித்த கெட்டிக்காரன் நான்தான் என்று பேசிக்கொண்டார்கள். ரேவதி மறுக்கவில்லை. நானாவது அங்கேயே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். உங்களிடம் சொல்லிவிடுகிறேன்: கண்டுபிடித்தது அவர். நான் முகர்ந்து பார்த்தவன். நாளைக்கு உங்கள் கவுன்ட்டரில் ஒரு பெண் வந்து "பிரேக் சரியில்ல" என்று சொன்னால், கூட வந்த ஆணைப் பார்த்து "அப்படியா சார்?" என்று கேட்காதீர்கள். சக்கரத்தைப் பாருங்கள்.

ரேவதி இன்ஜினை ஸ்டார்ட் செய்தபோது அப்பா பின்னால் போய் நின்றார். "இரும்மா, நானும் வரேன்" என்றார். அந்த பைக்கின் பின்சீட் மனிதர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது அல்ல. வேட்டியோடு அவர் அதில் ஏறுவதற்கு மெக்கானிக் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்க வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் என் பக்கம் குனிந்து கேட்டார். "சார், பிரேக்கு இப்ப நல்லாப் புடிக்குதுல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்னைக் கேளு நைனா."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, மகளைக் கேட்டார்.